60 வயசுக்கு மேல உயிரியல் கத்துக்கணுமா? கறிவேப்பிலைச் செடியில இருந்து ஆரம்பிங்க

ரிட்டயர் ஆனதும் நிறைய பேருக்கு இந்த ஆசை வருது. பத்தாவதோட விட்டுப்போன பயாலஜிய இப்பவாவது உருப்படியா படிக்கணும், காலையில ஜன்னல் கிட்ட கத்தற குருவி எது, வாசல்ல நிக்கற மரம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு. நானும் அப்படி வந்தவ தான். இப்போ 4 வருஷமா ஸ்ரீரங்கத்துல எங்க தெருப் பெரியவங்க சில பேரோட ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்து இதையே பண்ணிட்டு இருக்கோம்.

புதுசா வர்றவங்க எங்க தடுக்கி விழறாங்கன்னு கூடவே இருந்து பார்த்ததுல ஒண்ணு நல்லாத் தெரிஞ்சுது. வயசு காரணமே இல்ல, வரிசை தான் காரணம். முதல்ல தடிமனா ஒரு புத்தகம் வாங்கறாங்க, அடுத்தது பேர் பேரா மனப்பாடம் பண்றாங்க, உயிரோட இருக்கறதைப் பார்க்கறது கடைசி. மூணாவது வாரத்துல புத்தகம் பரணுக்குப் போயிடுது. இதை அப்படியே திருப்பிப் போடுங்க: முதல்ல பார்க்கறது, அப்புறம் எழுதறது, அதுக்கப்புறம் பேரு, புத்தகம் கடைசி. இந்த வயசுல வெறும் பேரா படிச்சா நிக்காது, ஆனா கண்ணால பார்த்த ஒண்ணு மேல மாட்டி வச்ச பேரு ரொம்ப நாள் போகாது.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

கண்ணாடி பவர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா முதல் வேலை அது தான். கேட்டராக்ட் இருந்தா நீலமும் ஊதாவும் மங்கிப்போகும். எங்க கூட வர்ற ஒரு மாமா ஊதாத் தேன்சிட்டை "கறுப்புக் குருவி"ன்னே ரெண்டு மாசம் நோட்டுல எழுதிட்டு இருந்தார், ஆபரேஷன் முடிஞ்சு வந்து அதே செம்பருத்திச் செடி முன்னாடி நின்னப்போ தான் அதோட கழுத்துல மின்னற ஊதாவைப் பார்த்தார். அன்னைக்கு அவர் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

வாங்க வேண்டியது கொஞ்சம் தான். கோடு போடாத நோட்டு, பென்சில், ஸ்கேல், புது பிளேடு ரெண்டு, அப்புறம் நகைக்கடையில கல்லு பார்க்க வச்சிருப்பாங்களே அந்த மாதிரி 10 மடங்கு லென்ஸ். லென்ஸைப் பிடிக்கறதுல தான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பேப்பர் படிக்கற பூதக்கண்ணாடி மாதிரி இலை மேல வச்சுட்டு தூரத்துல இருந்து எட்டிப் பார்க்கக்கூடாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாப்ல வச்சுக்கிட்டு, இலையை மெதுவா கிட்ட கொண்டு வாங்க, ஏறக்குறைய 2.5 செ.மீ. தூரத்துல பளிச்னு தெரியும். கை நடுங்கினா லென்ஸ் பிடிச்ச கையைக் கன்னத்துல ஊனிக்கோங்க.

பைனாகுலர், மைக்ரோஸ்கோப் ரெண்டும் இப்போ வேண்டாம். பார்த்துப் பழகாத கண்ணுக்கு அதெல்லாம் கொடுத்தா கருவியோட மல்லுக்கட்டறதுலயே காலை போயிடும்.

2. ஒரே உயிர், ஒரே இடம்

முதல் மாசம் ஒண்ணே ஒண்ணு தான். பூங்கா, மலை, சரணாலயம்னு கிளம்பாதீங்க. 50 விஷயத்தை ஒரு தடவை பார்க்கறதை விட ஒரு விஷயத்தை 50 தடவை பார்த்தா தான் உயிரியல் புரியும், ஏன்னா உயிருன்னாலே மாறிக்கிட்டே இருக்கறது, ஒரு தடவை போய்ப் பார்த்தா மாற்றம் கண்ணுல படாது.

நான் எல்லாருக்கும் சொல்றது கறிவேப்பிலைத் தொட்டி. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகின்னு ரெண்டு வண்ணத்துப்பூச்சி இதோட இளந்தளிர்ல முட்டை வைக்கும். எலுமிச்சை, நார்த்தை இருந்தாலும் சரி. நர்சரியில வாங்கினா மருந்து அடிச்சாங்களான்னு கேளுங்க, அடிச்சிருந்தா பழைய இலையெல்லாம் கழிச்சு விட்டு, புதுத் தளிர் வர்ற வரைக்கும் காத்திருங்க. மருந்து பட்ட இலையைத் தின்னா புழு செத்துப்போகும்.

எருக்கஞ்செடியிலயும் வெந்தய வரியன்ங்கற வண்ணத்துப்பூச்சியோட புழு கிடைக்கும், ஆனா அந்தப் பால் கண்ணுல பட்டா ஆபத்து, அதனால முதல் தடவைக்கு அது வேண்டாம். ரோமம் அடர்ந்த கம்பளிப்பூச்சிய எப்பவும் கையால தொடாதீங்க.

3. முட்டையில இருந்து சிறகு வரைக்கும்: ஒரு மாசப் பாடம்

தளிர் இலையைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. வெளிர் மஞ்சள்ல கடுகை விடச் சின்னதா ஒரு உருண்டை தனியா ஒட்டிட்டு இருந்தா அது தான் முட்டை. 3, 4 நாள்ல பொரியும். வெளிய வர்ற புழு செய்யற முதல் வேலை, பெரும்பாலும் அந்த முட்டை ஓட்டைத் தின்னறது தான். லென்ஸ் வச்சுப் பார்க்கக் கிடைச்சா விட்டுடாதீங்க.

இங்க தான் முதல் தப்பு நடக்கும். சின்னப் புழு பழுப்பும் வெள்ளையுமா, பார்க்க அப்படியே குருவி எச்சம் மாதிரி இருக்கும். "ஐயே, எச்சம்"னு தண்ணி அடிச்சுக் கழுவிடுவாங்க. அந்தத் தோற்றமே அதோட பாதுகாப்பு, எச்சத்தைக் குருவி தின்னாது இல்லையா. வளர வளரத் தோலை உரிக்கும், மொத்தம் 5 பருவம், கடைசிப் பருவத்துல பச்சையா மாறிடும். உடம்பு பெருசான பிறகு எச்சம் வேஷம் எடுபடாது இல்லையா, அதனால இலையோட இலையா மறையற நிறத்துக்குப் போயிடுது. இதை நான் சொல்லிக் கொடுக்கறதில்ல. "ஏன் நிறம் மாறிச்சு?"ன்னு கேட்டுட்டு ஒரு வாரம் விட்டுடுவேன், பாதிப் பேர் தானே கண்டுபிடிச்சுட்டு வந்துடுவாங்க.

பச்சைப் புழுவை ஒரு துடைப்பக்குச்சியால லேசா, ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்க. தலைக்குப் பின்னாடி இருந்து கவை மாதிரி ரெண்டு கொம்பு சிவப்பாவோ ஆரஞ்சாவோ வெளிய நீளும், ஒரு வாடை வரும், கொஞ்ச நேரத்துல உள்ள போயிடும். எறும்பு, சின்னப் பூச்சியெல்லாம் விரட்ட அது. திரும்பத் திரும்பத் தொட்டுச் சீண்டாதீங்க.

வெளியவே விட்டா குளவியோ குருவியோ தூக்கிட்டுப் போயிடும்ங்கறதால ஒண்ணு ரெண்டு புழுவ மட்டும் உள்ள வளர்க்கலாம். மூடி போட்ட பாட்டில் கூடாது, உள்ள வேர்த்துப் பூஞ்சை பிடிச்சு செத்துடும். அகலமான டப்பா, மேல கொசுவலைத் துணி, அடியில நியூஸ்பேப்பர், தினம் புது இலை, தினம் புழுக்கையைக் கொட்டிச் சுத்தம் பண்றது. கடையில கட்டா வாங்கின கறிவேப்பிலையைப் போடாதீங்க, மருந்து இருக்கும். ஒரு குச்சியைச் சாய்ச்சு வைங்க, கூடு கட்ட இடம் வேணும்.

அடுத்த இடறல் இன்னும் முக்கியம். ரெண்டு மூணு வாரத்துல திடீர்னு ஒரு நாள் புழு சாப்பிடறதை நிறுத்தும், தண்ணியா வெளிய போகும், டப்பா முழுக்க அலைஞ்சு திரியும். உடனே எனக்கு போன் வரும், "புழுவுக்கு வயித்துப்போக்கு, செத்துப்போயிடும் போல"ன்னு. எங்க மாடி வீட்டு அக்கா இப்படி நினைச்சு, கஷ்டப்பட்டு வளர்த்த புழுவைக் கொண்டு போய்த் தோட்டத்துல விட்டுட்டாங்க. அது நோயே இல்ல. கூட்டுப்புழு ஆகறதுக்கு முன்னாடி குடலைக் காலி பண்ணிட்டு இடம் தேடுது. அந்த நேரத்துல டப்பாவை ஆட்டாதீங்க, இலையும் மாத்தாதீங்க. குச்சியில வால் பக்கத்தை ஒட்டிக்கிட்டு, முதுகைச் சுத்தி மெல்லிசா ஒரு பட்டு நூல் கட்டி, பனை ஏறுறவர் கயிறு கட்டிச் சாஞ்சா மாதிரி சாஞ்சு நிக்கும். மறுநாள் பார்த்தா கடைசித் தோலும் உரிஞ்சு கூடா ஆயிருக்கும்.

கூட்டுல பத்து நாள், சில சமயம் கூடவும் ஆகும். கடைசி நாள் கூட்டுக்குள்ள சிறகோட நிறம் கறுத்துத் தெரிஞ்சா மறுநாள் காலையிலேயே டப்பா பக்கத்துல நாற்காலி போட்டுக்கோங்க. வெளிய வந்ததும் சிறகு ஈரத்துணி மாதிரி சுருங்கி இருக்கும், தொங்கிக்கிட்டே உடம்புல இருக்கற திரவத்தை நரம்புக்குள்ள செலுத்தி விரிக்கும். இந்த நேரத்துல உதவி பண்றேன்னு விரிச்சு விடக்கூடாது, தொட்டா சிறகு ஊனம் தான். செம்பழுப்புல ஒரு சொட்டு விடும், ரத்தம்னு பதறாதீங்க, கூட்டுக்குள்ள சேர்ந்த கழிவு அது. சிறகு காய ஒண்ணு ரெண்டு மணி நேரம், அப்புறம் மாடியில கொண்டு போய் விட்டுடுங்க.

சில சமயம் கூட்டுல ஓட்டை விழுந்து சின்னக் குளவி வெளிய வரும். மனசு கஷ்டமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா அந்தக் கூட்டைத் தூக்கி எறியாம லென்ஸ் வச்சுப் பாருங்க, நோட்டுல எழுதுங்க. ஒட்டுண்ணின்னா என்னன்னு அதுக்கு மேல யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவை இருக்காது.

4. நோட்டு எழுதற முறை

தேதி, நேரம், இடம், அளவு, என்ன பண்ணுது, ஒரு கேள்வி. இவ்வளவு தான். என் நோட்டுல இருந்து ஒண்ணு: "ஆகஸ்ட் 12, காலை 6.40, மாடி. புழு 9 மி.மீ. எச்ச நிறம். இலையோட மேல் பக்கம், நடு நரம்பு மேலேயே உக்காந்திருக்கு. நேத்தும் அதே இலை. தின்னது வேற இலை. ஏன் திரும்பி வந்துச்சு?"

போட்டோ எடுத்தாச்சே, எதுக்குப் படம் வரையணும்னு எல்லாரும் கேப்பாங்க. போட்டோ எடுக்கறப்போ கண்ணு பார்க்கறதில்ல, போன் தான் பார்க்குது. வரையணும்னா கால் எத்தனை, எங்க இருந்து கிளம்புதுன்னு எண்ணியே ஆகணும். புழுவுக்கு முன்னாடி 3 ஜோடி நிஜக்கால், பின்னாடி இருக்கறது சதைக்கால்ங்கறதை வரைஞ்சவங்க எல்லாரும் பிடிச்சாங்க, போட்டோ மட்டும் எடுத்தவங்க ஒருத்தரும் பிடிக்கல. படம் அழகா இருக்க வேண்டியதில்ல.

கேள்வி இல்லாத நாளே இருக்கக்கூடாது. பின்னாடி புத்தகம் திறக்கறப்போ இந்தக் கேள்வி தான் சாவி.

5. செம்பருத்தியும் வெண்டைக்காயும்

ரெண்டாவது மாசம் செடிப் பக்கம் வாங்க. ஒத்தைச் செம்பருத்தி ஒண்ணு பறிச்சுக்கோங்க. அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், அதுல மகரந்தத்தாள்ல (மகரந்தத்தூளைத் தாங்கற இழை) நிறைய இதழா மாறிப்போயிருக்கும், எண்ணிக்கை குழப்பும். முதல் தடவை பண்றவங்க பார்க்க அழகா இருக்குன்னு அடுக்கைத் தான் பறிச்சுட்டு வருவாங்க.

வெளிய இருந்து உள்ள போங்க, இந்த வரிசை முக்கியம். அடியில மெல்லிசா இருக்கறது புறப்புல்லி, அதுக்கு மேல புல்லி வட்டம், அப்புறம் 5 அல்லி இதழ். இதழ் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து வரிசையா வைங்க. நடுவுல நீட்டிட்டு இருக்கறது ஒரு குழாய், மகரந்தத்தாள் எல்லாம் ஒட்டிச் சேர்ந்து தான் அந்தக் குழாய். பிளேடால நீளவாக்குல மெதுவா கீறினா உள்ள சூல்தண்டு ஓடறது தெரியும், அது உச்சியில 5 கிளையா பிரிஞ்சு 5 சிவப்பு வெல்வெட் பொட்டு மாதிரி முடியும். அது தான் சூல்முடி. அடியில விதை உண்டாகற சூல்பையைக் குறுக்குவாட்டுல வெட்டி லென்ஸ்ல பாருங்க, 5 அறை.

இப்போ சமையலறைக்குப் போய் ஒரு வெண்டைக்காயை வட்டமா நறுக்குங்க. அநேகமா 5 அறை இருக்கும், ஒவ்வொரு அறையிலயும் விதை. 40 வருஷமா நறுக்கின காய் தான், ஆனா செம்பருத்திய வெட்டின கையோட பார்த்தப்போ எங்க குழுவுல ஒரு மாமி கத்திய வச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. செம்பருத்தி இலையைக் கசக்கினா வர்ற வழவழப்பும் வெண்டைக்காய் வழவழப்பும் ஏன் ஒண்ணு மாதிரி இருக்குன்னு அப்போ புரியும். ரெண்டும் ஒரே குடும்பம், மால்வேசி. பருத்தி, பூவரசு, துத்தி எல்லாம் அதே குடும்பம் தான், பூவுல அந்த ஒட்டின குழாயைத் தேடிப் பாருங்க.

பிளேடை எப்பவும் உங்க பக்கம் இழுக்காதீங்க, வெளிப் பக்கமா தள்ளி வெட்டுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க வெட்டற வேலையைப் பக்கத்துல இருக்கறவங்க கிட்ட கொடுத்துடுங்க. எந்தச் செடியையும் வாயில வச்சு டேஸ்ட் பார்க்கக்கூடாது, அரளியும் செங்காந்தள் கிழங்கும் உயிரை எடுக்கற விஷம்.

6. இப்போ தான் பேரு

ஊர்ப் பேரு நல்லது தான், ஆனா ஊருக்கு ஊர் மாறும். எங்க ஊர் மணத்தக்காளி கோயம்புத்தூர்ப் பக்கம் சுக்குட்டி. அதனால அறிவியல் பேரும் வேணும். பயப்படாதீங்க, ரெண்டு சொல்லு தான், முதல் சொல்லை வீட்டுப் பேரு மாதிரி நினைச்சுக்கோங்க. மணத்தக்காளி சொலானம் நைக்ரம், கத்திரி சொலானம் மெலாஞ்சினா, சுண்டைக்காய் சொலானம் டார்வம், உருளைக்கிழங்கு சொலானம் டியூபரோசம், தூதுவளை சொலானம் ட்ரைலோபேட்டம். இந்த அஞ்சு பூவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா நடுவுல மஞ்சளா கூம்பு மாதிரி ஒரே ஜாடை தெரியும். இப்படிச் சொந்தத்தோட சேர்த்துப் படிச்சா பேரு மறக்காது, தனித்தனியா படிச்சா ரெண்டு நாள் தான்.

போன்ல ஐ-நேச்சுரலிஸ்ட்னு போட்டோவைப் பார்த்து உயிர்களோட பேரு சொல்ற ஆப் போட்டுக்கலாம். செடின்னா ஒரே ஒரு பூ போட்டோ போதாது, இலை மேல் பக்கம், இலை அடிப் பக்கம், முழுச் செடி, பூ அல்லது காய்னு 4 எடுங்க. ஆப் முதல்ல காட்டற பேரை அப்படியே நம்பிடாதீங்க, அது ஒரு யூகம் தான், மத்த ஆளுங்க பார்த்து ஒத்துக்கிட்ட பிறகு நோட்டுல மையால எழுதுங்க, அதுவரைக்கும் பென்சில். வீட்டு மாடியில எடுத்த போட்டோன்னா இடத்தை மறைச்சுக் காட்டற செட்டிங் இருக்கு, அதைப் போட்டுக்கோங்க.

திருச்சியில இருக்கறவங்களுக்கு ஒரு வசதி, செயின்ட் ஜோசப் காலேஜ்ல ராபினட் ஹெர்பேரியம் இருக்கு. காய வச்சு அழுத்தின செடிகளை ஷீட் ஷீட்டா வச்சிருக்காங்க. முன்னாடியே கேட்டு அனுமதி வாங்கிட்டுப் போங்க.

7. புத்தகம் எப்போ, எது, எப்படி

மூணாவது மாசம். தமிழ்நாடு அரசுப் பாடப்புத்தகம் தான் என் சிபாரிசு, தமிழ்ல இருக்கு, பிடிஎஃப் இலவசம், படம் நல்லா இருக்கு. முதல்ல 10ஆம் வகுப்பு அறிவியல்ல வர்ற உயிரியல் பாடங்கள், அப்புறம் 11ஆம் வகுப்பு உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல். நேரா 12க்குத் தாவாதீங்க, மரபியலும் மூலக்கூறும் அங்க கனமா வரும், செல்லு, அதாவது உயிரணு, மனசுல தெளிவா இல்லாம அது ஏறாது.

முதல் பக்கத்துல இருந்து படிக்காதீங்க. நோட்டுல இருக்கற கேள்விய எடுத்துக்கிட்டு அதுக்குப் பதில் எந்தப் பாடத்துலன்னு தேடுங்க. ஒரு உதாரணம் சொல்றேன். ரெண்டு கறிவேப்பிலை அழகி வளர்த்தோம், ஒண்ணு கறுப்புல வெள்ளைப் பட்டையோட வந்துச்சு, இன்னொண்ணு சிவப்புப் புள்ளியோட வந்துச்சு. "ஒரே செடி, ஒரே புழு, ஏன் ரெண்டு விதம்?"னு கேள்வி. தேடினப்போ தெரிஞ்சது, அதோட பெண்ணுல 3 வகை உண்டு, ஒண்ணு ஆண் மாதிரியே இருக்கும், ஒண்ணு ரோஜா அழகிய மாதிரி, இன்னொண்ணு சிவப்புடல் அழகிய மாதிரி. அந்த ரெண்டு வண்ணத்துப்பூச்சியும் ஆடுதீண்டாப்பாளைங்கற செடியைத் தின்னு வளர்ந்ததால உடம்புல நஞ்சு உள்ளது, குருவி தொடாது. நஞ்சே இல்லாத நம்ம கறிவேப்பிலை அழகி அந்த வேஷத்தைப் போட்டுத் தப்பிக்குது. இந்த வேஷத்தை முடிவு பண்றது டபுள்செக்ஸ்ங்கற ஒரே ஒரு ஜீன்னு 2014ல விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. இந்த ஒரு கேள்விக்காக எங்க ஆளுங்க உருமாற்றம், மரபியல், இயற்கைத் தேர்வுன்னு மூணு பாடம் படிச்சாங்க, யாரும் கட்டாயப்படுத்தல.

ஒரு உக்காரலுக்கு 4 பக்கம் போதும். படிச்சதைப் புத்தகத்தை மூடிட்டு வீட்டுல யார் கிட்டயாவது சொல்லுங்க, சொல்ல முடியாம நிக்கற இடம் எதுவோ அதை மட்டும் திரும்பப் படிங்க. அடிக்கோடு போடறதால மட்டும் மண்டையில ஏறாது.

8. பறவை: கண்ணும் காதும்

பறவையை ஏன் இவ்வளவு தள்ளி வச்சேன்னா அது நிக்காது. புழுவுலயும் பூவுலயும் கண்ணு பழகின பிறகு வந்தா, ரெண்டு விநாடியில அலகு, வால், நடை மூணையும் பிடிச்சுடுவீங்க.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்க. 10 மடங்கு வாங்கினா கை நடுக்கமும் 10 மடங்காத் தெரியும். கண்ணாடி போட்டவங்க கண் பக்கம் இருக்கற ரப்பர் கப்பை உள்ள தள்ளிடணும், இல்லன்னா நடுவுல சின்ன வட்டம் தான் தெரியும். முதல்ல இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தைத் திருப்பி செட் பண்ணி, அப்புறம் வலது கண் பக்கம் இருக்கற தனி வளையத்தைத் திருப்புங்க. இதைப் பண்ணாம "பைனாகுலர் சரியில்ல, தலை வலிக்குது"ன்னு திருப்பிக் கொடுத்தவங்க இருக்காங்க. பறவை மேல இருந்து கண்ணை எடுக்காம கருவியைக் கண்ணுக்குத் தூக்குங்க, குனிஞ்சு பைனாகுலரைப் பார்த்தா பறவை போயிருக்கும்.

வயசானா மெல்லிசான, கீச்சுன்னு உயர்ந்த சத்தம் தான் முதல்ல காதுல குறையும். மெர்லின்னு பறவை அடையாளம் காட்டற ஆப்ல சவுண்ட் ஐடி போட்டா உங்களுக்குக் கேக்காத குருவியையும் அது எழுதிக் காட்டும், அந்தத் திசையில கண்ணால தேடுங்க. காது மிஷின் இருந்தா போட்டுட்டே வாங்க.

முதல் பத்து பறவை தெருவுலயே இருக்கு: காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து, குயில், தேன்சிட்டு, தையல்சிட்டு, மீன்கொத்தி, ஆள்காட்டி. குயில்ல எல்லாரும் ஏமாறுவாங்க. கறுப்பா சிவப்புக் கண்ணோட இருக்கறது ஆண், பழுப்புல வெள்ளைப் புள்ளி போட்டது பெண், இதை வேற பறவைன்னு நினைச்சுக்குவாங்க. கூவறது ஆண். பெண் முட்டை வைக்கறது காக்கா கூட்டுல. மரத்துல காக்கா குயிலைத் துரத்தினா நேரம் குறிச்சுக்கோங்க, அங்க கூடு இருக்கலாம். கூட்டைப் பக்கத்துல போய்ப் பார்க்காதீங்க, முட்டையைத் தொடாதீங்க.

9. மைக்ரோஸ்கோப்

ஆறு மாசம் தாண்டினா பாருங்க. விஞ்ஞானி மனு பிரகாஷ் குழு உருவாக்கின ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்துல மடிக்கறது, 140 மடங்கு காட்டும், விலையும் குறைவு. வெங்காயத்தோட உள் ஜவ்வை உரிச்சு வச்சா செங்கல் அடுக்கின மாதிரி செல்லு தெரியும். ஜவ்வு மடிஞ்சா எதுவும் தெரியாது, ஒரு சொட்டுத் தண்ணியில விரிச்சு வைங்க. மேசை மைக்ரோஸ்கோப் வாங்கினவங்க எப்பவும் குறைஞ்ச லென்ஸ்ல ஆரம்பிங்க, நேரா பெரிய லென்ஸுக்குப் போனா கண்ணாடி ஸ்லைடு உடையும். குனிஞ்சு பார்க்கறதால கழுத்து வலிக்கும், நாற்காலி உயரத்தைச் சரி பண்ணிட்டு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திருங்க.

10. கணக்குல சேருங்க

ரெண்டு பேராவது சேர்ந்து பண்ணுங்க. ஒருத்தர் பார்க்காததை இன்னொருத்தர் பார்ப்பாங்க, வாக்குவாதம் வந்தா ரெண்டு பேரும் திரும்பப் போய்ப் பார்ப்பாங்க.

பொங்கல் சமயத்துல வருஷா வருஷம் தமிழ்நாட்டுல பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. குறைஞ்சது 15 நிமிஷம் ஒரே இடத்துல நின்னு, பார்த்த பறவை எல்லாத்தையும் எண்ணிக்கையோட இ-பேர்ட்ங்கற பறவைப் பதிவு வெப்சைட்ல போடணும். அரிதானதை மட்டும் போட்டுட்டு காக்காவை விட்டுடறாங்க, அது தப்பு, காக்கா குறையுதா கூடுதான்னு தெரியறதே இப்படி எண்ணினா தான். தெரியாத பறவையைத் தெரிஞ்ச மாதிரி எழுதாம விட்டுடுங்க. மொட்டை மாடியில நாற்காலி, தொப்பி, தண்ணி பாட்டில், சுகர் இருக்கறவங்க கையில ரெண்டு பிஸ்கட். போன வருஷம் எங்க மாடியில 15 நிமிஷத்துல 14 வகை வந்துச்சு, அதுல 2 நோட்டுல இன்னும் பென்சில்ல தான் இருக்கு.